சட்டக் கேள்வி – பதில்: உயர் நீதிமன்றத் தீர்ப்பு என் வழக்குக்குப் பொருந்துமா?

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் "உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டதாமே" என்ற வரி தவறாமல் இடம்பெற்றிருந்தது. செய்தித் தலைப்பைப் படித்துவிட்டு ஒருவர் நல்ல வழக்கைக் கைவிட நினைக்கிறார். இன்னொருவர் அதே தலைப்பை நம்பி வழக்குப் போட அவசரப்படுகிறார். ஆகவே, ஒவ்வொரு தீர்ப்பும் எந்தச் சூழலில் வழங்கப்பட்டது, மேல்முறையீட்டில் அது நிலைத்ததா என்பதையும் சேர்த்தே இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் 72 வயது விதவை. 2016இல் என் பெயரில் இருந்த வீட்டை ஒரே மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். "அன்பினாலும் பாசத்தினாலும்" எழுதிக் கொடுப்பதாக மட்டுமே பத்திரத்தில் உள்ளது. என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக மகன் என்னைக் கவனிப்பதில்லை. மருந்துச் செலவைக்கூட மகள்தான் பார்க்கிறாள். ரத்துப் பத்திரம் எழுதிக்கொண்டு போனால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய மறுக்கிறார்கள். எனக்கு வேறு வழி உண்டா?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: சார்பதிவாளர் மறுத்தது சட்டப்படி சரிதான், அம்மா. எழுதிக் கொடுத்துப் பதிவும் செய்து, பெற்றவர் ஏற்றுக்கொண்டுவிட்ட செட்டில்மெண்ட்டை, எழுதிக் கொடுத்தவர் மட்டும் தனியாக வந்து ரத்துப் பத்திரம் பதிந்து முறித்துவிட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் தெளிவுபடுத்தியது. முறைகேடாகப் பதிவான பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்வதற்காகத் தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் சேர்த்த 77-ஏ பிரிவையும், அரசமைப்புக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் 2024 ஜூலையில் செல்லாததாக்கியது. உரிமையியல் நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்ய வேண்டிய சொத்துரிமையைப் பதிவுத் துறை அதிகாரி தீர்மானிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நிகழ்ந்ததாகக் கருதப்படும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இத்தீர்ப்பாயத்தை நடத்துகிறார். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

"நிபந்தனையோடு" என்ற சொல்தான் உங்கள் வழக்கின் முடிச்சு. நிபந்தனை இருந்தது என்பதை மெய்ப்பிக்காமல் இப்பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. அதன்பின் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு தாயின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. தானப் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை எதுவும் இல்லாததால், அந்த மாநில உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. ஆனால், கடைசிக் காலம்வரை பெற்றோரைக் காப்பாற்றுவேன் என்று மகன் எழுதித் தந்த தனி உறுதிமொழிக் கடிதத்தையும் தானப் பத்திரத்தோடு சேர்த்துப் படித்த உச்ச நீதிமன்றம், முதியோரைக் காக்க வந்த சட்டத்துக்குத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரி 2 அன்று தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வீட்டை விட்டு வெளியேற்றிச் சுவாதீனத்தை ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று அதில் கூறப்பட்டது.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான தீர்ப்பு 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அளித்தது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி ஒருவர், பெண் பிள்ளைகள் இருக்க, ஒரே மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தார். மகன் இறந்த பிறகு மருமகள் அவரைக் கைவிட்டார். கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்ததை எதிர்த்து மருமகள் நீதிமன்றம் வந்தார். அன்பையும் பாசத்தையும் காரணமாகக் காட்டி எழுதப்பட்ட பத்திரத்தில், தன்னைக் கவனித்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பே உள்ளார்ந்த நிபந்தனையாக அடங்கியிருக்கிறது என்றும், அதைத் தனியே வார்த்தைகளில் எழுதியிருக்க வேண்டியதில்லை என்றும் கூறி அமர்வு அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது.

இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். பிள்ளைக்கு வீடு எழுதும் தாய், "சோறு போடுவாயா" என்று பத்திரத்தில் எழுதி வாங்குவது நம் குடும்பங்களில் நடக்கிற காரியமல்ல. இருந்தாலும், உச்ச நீதிமன்றத்தின் 2022 டிசம்பர் தீர்ப்பு நடைமுறையில் இருக்கும்வரை "அன்பு, பாசம்" என்ற சொற்களை மட்டுமே நம்பி மனுப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்தபோது மகன் என்ன சொன்னார், யார் முன்னிலையில் சொன்னார், அதன்பின் எவ்வளவு காலம் உங்களைப் பராமரித்தார், எப்போது நிறுத்தினார் என்பதையெல்லாம் மனுவில் வரிசையாக எழுதுங்கள். மகள் பணம் கட்டிய மருந்துக் கடை, மருத்துவமனை ரசீதுகள், உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், பத்திரத்தின் சான்றிட்ட நகல், இன்றைய வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். வேறு யார் பெயருக்கும் வீடு இன்னும் போகவில்லை என்று வில்லங்கச் சான்று காட்டினால் வேலை எளிது. போயிருந்தால் வாங்கியவரையும் தரப்பினராகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: உறவினர் ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கடன் கொடுத்தேன். அவர் கொடுத்த காசோலை, கணக்கில் பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. வழக்குப் போட்டிருக்கிறேன். 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கடனுக்குக் காசோலை வழக்கு நிற்காது என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதாக எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுகிறார். என் பணம் போனதுதானா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: போகவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி 2025இல் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் வேறு மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை உங்கள் ஊர் நீதித்துறை நடுவர் கருத்தில் கொள்ளலாமே தவிர, அது அவரைக் கட்டுப்படுத்தாது. அதைவிட முக்கியமானது, அந்தத் தீர்ப்பின் ஆயுள் சில மாதங்களே. கோவாவிலிருந்து போன ஒரு காசோலை வழக்கில் 2025 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கேரளத் தீர்ப்பின் அந்தக் கருத்தைப் பெயர் குறிப்பிட்டே ஏற்க மறுத்துவிட்டது. வருமான வரிச் சட்டத்தின் 269-எஸ்எஸ் பிரிவு ரொக்கமாகக் கடன் *வாங்குவதற்கு*த்தான் 20,000 ரூபாய் வரம்பு விதிக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அபராதம் உண்டு. அதனால் கடனே சட்டத்தின் முன் இல்லாமல் போய்விடாது. கடன் வாங்கியவர் தாமே மீறிய விதியைக் காட்டிக் கடனிலிருந்து தப்பிக்க இடம் கொடுத்திருந்த வாதம் இதோடு முடிந்தது. இந்தத் தீர்ப்பின் நகலை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி நடுவர் முன் தாக்கல் செய்யுங்கள்.

எதிர்த்தரப்பு அடுத்து எடுக்கப்போகும் வாதத்துக்கு இப்போதே தயாராகுங்கள். காசோலையில் உள்ள கையெழுத்து தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டால், கடன் இருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். 2010 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு இது. ஆனால் 4 லட்சம் கொடுக்கும் வசதி உங்களுக்கு இருந்ததா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். நகையை அடகு வைத்தீர்களா, சீட்டுப் பணம் எடுத்தீர்களா, வங்கியிலிருந்து எடுத்தீர்களா என்பதற்கு ரசீது காட்ட முடிந்தால் அந்தக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். விசாரணை நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்க, காசோலை வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143-ஏ பிரிவு இடம் தருகிறது. அதைக் கொடுப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை, கட்டாயமல்ல என்று ஜார்க்கண்ட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் கூறியிருக்கிறது.

கேள்வி: கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டிலேயே இருக்கும் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதாகப் படித்தேன். என் கணவர் பெயரில் உள்ள மனையில் பாதியை நான் இப்போதே கேட்க முடியுமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் படித்தது 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்துகள் யாருக்கு என்பதில் வழக்கு எழுந்தது. மனைவி ஓய்வொழிச்சல் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது; அந்த உழைப்பை அங்கீகரிக்கும் தனிச் சட்டம் இல்லை என்றாலும், அங்கீகரிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்று நீதிபதி எழுதினார். இல்லத்தரசியின் உழைப்பைப் பற்றி நம் நீதிமன்றங்களில் வெளிவந்த மிகத் தெளிவான எழுத்துகளில் ஒன்றாக அதை மதிக்கிறேன்.

ஆனால் ஒரு நீதிபதி, இரண்டாவது மேல்முறையீடு ஒன்றில், அந்தக் குடும்பத்தின் சாட்சியங்களைப் பார்த்து, குறிப்பிட்ட சொத்துகளுக்குச் சொன்னது அது. கணவர் பெயரில் உள்ள எல்லாச் சொத்திலும் மனைவிக்குத் தானாகவே பாதி சேர்ந்துவிடும் என்ற சட்டம் அதனால் பிறக்கவில்லை. அந்த மனை வாங்க உங்கள் நகையோ சேமிப்போ பயன்பட்டதா, எந்தச் சூழலில் வாங்கினீர்கள் என்ற விவரம் இல்லாமல் இப்போதே வழக்குப் போடச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் தம்பி வீடு புகுந்து திருடிய வழக்கில் கைதாகி, மார்ச் 1ஆம் தேதி நடுவர் முன் நிறுத்தப்பட்டு ரிமாண்ட் செய்யப்பட்டான். இருமுறை ஜாமீன் மனு தள்ளுபடியாகிவிட்டது. இன்னும் குற்றப்பத்திரிகை போடவில்லை. ஏழாண்டுவரை தண்டனை தரக்கூடிய பிரிவு என்கிறார்கள். குற்றப்பத்திரிகை வராவிட்டால் எத்தனையாவது நாளில் ஜாமீன் கேட்கலாம்?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) பிரிவில் இருந்த இந்த உரிமை, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவில் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு 60 நாள் கணக்கே பொருந்தும்.

நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய ஒரு பணமோசடி வழக்கில், ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச்சில் முடிவு செய்துவிட்டது. அந்த வழக்கில் 2020 மே 14 ரிமாண்ட். ஜூலை 13 அன்று குற்றப்பத்திரிகை. ரிமாண்ட் நாளைச் சேர்த்தால் அது 61ஆம் நாள். அந்த ஒரு நாள் தாமதத்தால் ஜாமீன் நிலைத்தது. இதே கணக்கில், உங்கள் தம்பிக்கு ஏப்ரல் 29ஆம் தேதி 60ஆம் நாள். அன்றைக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஏப்ரல் 30 காலையில் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

காலையில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 180 நாள் கெடு உள்ள சென்னைப் போதைப்பொருள் வழக்கொன்றில், கெடு முடிந்த மறுநாளான 2019 பிப்ரவரி 1 அன்று காலை 10.30 மணிக்கு ஜாமீன் மனுத் தாக்கலாயிற்று. அன்று மாலை 4.25 மணிக்கு அரசுத் தரப்பு, குற்றப்பத்திரிகைக்கு இணையான புகார் மனுவைக் கொண்டுவந்து கொடுத்தது. விசாரணை நீதிமன்றம் தந்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமோ, மனுப் போட்டுப் பிணை கொடுக்கத் தயார் என்று சொன்ன கணத்திலேயே உரிமையைப் பயன்படுத்தியாயிற்று, பிறகு வரும் குற்றப்பத்திரிகை அதைப் பறிக்காது என்று 2020 அக்டோபரில் கூறி ஜாமீனை மீட்டுத் தந்தது. மனுப் போடாமல் காத்திருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்த உரிமை போய்விடும்.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் வழக்குத் தாக்கல் கெடுக்களை உச்ச நீதிமன்றம் நீட்டித்ததைக் காட்டி, காவல் துறை இந்தக் கெடுவும் நீண்டுவிட்டது என்று வாதிட்டது. அது பொருந்தாது என்று மதுரை அமர்வில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2020 மே மாதம் தீர்ப்பளித்தார். சில நாட்களில் இன்னொரு நீதிபதி மாறுபட்டார். ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பே சரி என்றது. பெருந்தொற்றுக் காலத்திலேயே கெடு நீளவில்லை என்னும்போது, தடயவியல் அறிக்கை வரவில்லை என்பதெல்லாம் காரணமாகாது.

கேள்வி: மத்திய அரசுத் துறை ஒன்றில் 2018 ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றேன். மறுநாள் ஜூலை 1 அன்று வரவேண்டிய ஆண்டு ஊதிய உயர்வு ஒரு நாளில் கைநழுவியது. நான் வழக்கு எதுவும் போடவில்லை. எனக்கும் கிடைக்குமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கிடைக்கும், ஆனால் பழைய நிலுவை முழுவதும் அல்ல. இந்த உரிமையின் தொடக்கமே சென்னை உயர் நீதிமன்றம்தான். 2013 ஜூன் 30 அன்று ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் வழக்கில், ஓராண்டு முழுவதும் வேலை பார்த்து முடித்தவருக்கு அந்த ஆண்டுக்கான உயர்வை, ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும், கருத்தளவில் வழங்க வேண்டும் என்று 2017 செப்டம்பர் 15 அன்று அது தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2014 டிசம்பரிலேயே இதே சலுகையை அரசாணையாக வெளியிட்டிருந்ததையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கர்நாடக மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 11 அன்று இக்கொள்கையை உறுதி செய்தது.

2025 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் தந்த விளக்க உத்தரவுப்படி, உங்களைப் போல் வழக்குத் தொடராதவர்களுக்குக் கூட்டிய ஓய்வூதியம் 2023 மே 1 முதல்தான் உண்டு. முன்பே வழக்குப் போட்டு இறுதித் தீர்ப்புப் பெற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் உள்ளபடி. பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் ஆகியவை இதனால் மாறா. நீங்கள் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்துக்கு ஓய்வூதிய ஆணையின் எண்ணைக் குறிப்பிட்டு மனு அனுப்புங்கள். மறுத்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

கேள்வி: மாநில அரசில் உதவியாளராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஊதிய நிர்ணயத்தில் அலுவலகம் செய்த தவறு தணிக்கையில் தெரிந்ததாகச் சொல்லி, பணிக்கொடையில் 2 லட்சத்துக்கு மேல் பிடிக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. நான் எதையும் மறைக்கவில்லை.
— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பஞ்சாப் வழக்கொன்றில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், கூடுதலாகக் கொடுத்த ஊதியத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாத சூழல்களை வகுத்தது. கீழ்நிலைப் பிரிவு ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்கள், ஐந்தாண்டுக்கு மேல் கூடுதல் தொகை போய்க்கொண்டிருந்தவர்கள் ஆகியோர் அவற்றில் அடங்குவர். உங்கள் கடிதப்படி நீங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் பொருந்துகிறீர்கள். கேரளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பிடித்தம் செய்வதை அம்மாநில உயர் நீதிமன்றம் அனுமதித்தபோது, ஊழியர் ஏமாற்றவோ தவறான தகவல் தரவோ இல்லை, தவறு அலுவலகத்துடையது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் அதைத் தடுத்தது.

அரசுத் தரப்பு கையில் எடுப்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜூலைத் தீர்ப்பு. புதிய ஊதிய விகிதத்துக்கு மாறும்போது, "கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன்" என்று எழுதிக் கொடுத்த நீதித்துறை அலுவலர் ஒருவரிடம் தவணையாகப் பிடிக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டது. ஊதியக் குழு வரும்போதெல்லாம் அலுவலகத்தில் நீட்டிய தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்போம். அதில் என்ன எழுதியிருந்தது என்பது இப்போது உங்களுக்கு முக்கியம். ஆகவே முதல் வேலையாக, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பணிப் பதிவேட்டின் ஊதிய நிர்ணயப் பக்கங்களையும், நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி ஏதேனும் இருந்தால் அதன் நகலையும், தணிக்கைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். உறுதிமொழி இல்லையென்றால் உங்கள் வழக்கு மிக வலுவானது. இருந்தால்கூட, அது எந்த ஊதியத் திருத்தத்துக்காகக் கொடுத்தது, இப்போது சொல்லும் தவறு அதில் அடங்குமா என்று கேட்க இடமுண்டு.

இனிமேல் வரும் ஓய்வூதியத்தைச் சரியான அளவுக்குத் திருத்த அரசுக்கு உரிமை இருக்கிறது. அதை எதிர்ப்பதில் பயனில்லை. பணிக்கொடைப் பிடித்தத்துக்கு மட்டும் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லாததால், ஆட்சேபத்தை நிராகரித்தாலோ பதிலே வராமல் பிடித்தம் தொடங்கினாலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் நேரடியாக நீதிப் பேராணை மனுத் தாக்கல் செய்து இடைக்காலத் தடையும் கேட்கலாம்.